ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு
வீட்டுக் கம்பியில்லா இணைப்பின் வேகத்தைக் கணினியைக் கொண்டே அளக்கும் வழி

தலைநகருக்குக் குடிவந்து ஆண்டுகள் பலவாயினும், ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி என்றால் நம் வீட்டில் அது கும்பகோணத்து வேளை. அங்கே காவிரிக்கரையை அடுத்த தெருவொன்றில் வாழும் நம் அன்னையார், அதற்குள் இராச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, கூடத்து நாற்காலியில் அமர்ந்து, கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். இங்கே நாம் மடிக்கணினியைத் திறப்போம். பாட்டியின் முகத்தைப் பேரனும், பேரனின் முகத்தைப் பாட்டியும் பார்த்துப் பேசுவதற்கென்று வாரத்தில் ஒதுக்கி வைத்த அரை மணி அது.

சென்ற ஆண்டு மழைக்காலத்திலிருந்து அந்த அரை மணி சுருங்கத் தொடங்கியது. படம் திடீரென்று உறைந்து நிற்கும். குரல் பிந்தி வரும். இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, ஒரே சமயத்தில் நிறுத்திவிடுவார்கள். ஒரு நாள் அன்னையார், "நீங்க வேலையா இருக்கீங்க போலிருக்கு. நான் வச்சுடுறேன்பா" என்று பத்தே நிமிஷத்தில் முடித்துக்கொண்டார். ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் வாயிலாகப் பிறகு நாம் கேள்வியுற்ற செய்தி மனத்தைச் சுட்டது. "பையன் முகங்கொடுத்துப் பேச மாட்டேங்குறான். எதைக் கேட்டாலும் பேசாம உட்கார்ந்திருக்கான்" என்று சொல்லி வருந்தினாராம். பையன் பேசிக்கொண்டுதான் இருந்தான். அவன் பேசியது போய்ச் சேரவில்லை. படம் உறைந்து நின்றதைப் பேரனின் மனம் உறைந்து நின்றதாகப் பாட்டி கொண்டுவிட்டார்.

எஸ்.டி.டி. பூத் வாசலில் வரிசையில் நின்று ஊருக்குப் பேசிய காலத்தை நம் வாசகர்களுள் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரவு முதிர முதிரக் கட்டணம் குறையும் என்று, தில்லிக் குளிரில் போர்வையும் கையுமாகக் காத்திருந்த நாட்கள் அவை. கண்ணெதிரே சிவப்பு இலக்கங்களில் மீட்டர் ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே பேசுவோம். பேசியது கொஞ்சமே ஆனாலும், எவ்வளவு பேசினோம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. இன்று பேச்சுக்குத் தனிக் கட்டணமும் இல்லை. எதிரே மீட்டரும் இல்லை. ஆகவே இணைப்பு எப்போது நன்றாக இருக்கிறது, எப்போது தளர்கிறது என்று அறிய வேண்டுமானால், அந்த மீட்டரை நாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் வீட்டில் அதை எவ்வாறு அமைத்தோம், அது நமக்கு என்ன சொல்லிற்று என்பதை இங்கே எழுதுகிறோம்.

பழி யார்மேல்?

முதலில் நாம் பழி போட்டது இணைப்புத் தரும் நிறுவனத்தின்மேல். விநாடிக்கு 100 மெகாபிட் என்று சொல்லித்தானே மாதந்தோறும் பணம் வாங்குகிறார்கள்? மூன்று முறை முறையிட்ட பின்பு ஓர் இளைஞர் வந்தார். வாசற்பக்கம் இருந்த ரூட்டரின் அருகிலே நின்று, தம் கைப்பேசியில் சோதித்தார். 96 என்று காட்டிற்று. "ஸப் டீக் ஹை" என்று கூறிவிட்டுப் போய்விட்டார். அவர் படியிறங்கும் வரையில் பொறுத்திருந்து, பிறகு அவரைக் குறைகூறினோம்.

கல்லூரியில் கணினியியல் பயிலும் நம் மூத்த மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். "அப்பா, எந்த அறையில, எத்தனை மணிக்கு, எவ்வளவு குறையுதுன்னு எழுதி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். நம்மிடம் கோபம் இருந்தது, கணக்கு இல்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று அவளுக்குச் சிறு வயதில் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம். அவள் அதை நமக்கே திருப்பிச் சொன்னாள்.

வேகம் இரண்டு

இணைப்பின் வேகம் என்று பொதுவாகச் சொல்லுகிறோம். உண்மையில் அது இரண்டு வேகங்களைக் குறிக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் நமக்கு இதைத் தண்ணீரைக் கொண்டு எளிதில் விளக்கலாம். தெருக் குழாயிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவது ஒரு வழி. தொட்டியிலிருந்து நம் சமையலறைக் குழாய்க்கு இறங்குவது மற்றொரு வழி. குழாயில் தண்ணீர் நூலாக வழிந்தால், குறை தெருவிலும் இருக்கலாம், வீட்டுக் குழாயின் அடைப்பிலும் இருக்கலாம்.

ரூட்டரை அந்தத் தொட்டியாகக் கொள்ளுங்கள். வெளியுலகிலிருந்து ரூட்டர் வரையில் வருவது நிறுவனத்தின் பொறுப்பிலுள்ள கம்பி. ரூட்டரிலிருந்து நம் கணினிக்கு வருவது கம்பியில்லா அலை. வைஃபை என்கிறோமே, அது. இந்த இரண்டாம் வழியில் கணினியும் ரூட்டரும் தமக்குள் பேசி ஒத்துக்கொண்ட வேகமே இணைப்பு வேகம். முதல் வழி எவ்வளவு அகலமாயிருப்பினும், இரண்டாம் வழி அடைபட்டிருந்தால் நமக்குக் கிட்டுவது சொட்டுச் சொட்டாகத்தான். நம்மிடம் வந்த இளைஞர் தொட்டியருகே நின்று அளந்தார். நாம் கடைசிக் குழாயடியில் நின்று குறைகூறினோம். இருவர் சொன்னதும் மெய்யே.

அளவைப் பற்றியும் ஒரு சொல். நிறுவனங்கள் பிட் கணக்கில் சொல்லுகின்றன. கோப்புகளைக் கணினி பைட் கணக்கில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 40 மெகாபிட் வேகம் என்றால், விநாடிக்கு 5 மெகாபைட் வந்து சேரும். இதை அறியாது, எட்டில் ஒரு பங்கே கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போனவர்களும் உண்டு.

அலை ஏன் தளர்கிறது?

கல்கத்தாவில் பிரஸிடென்ஸி கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஜகதீச சந்திர போஸ், 1894 முதல் 1896 வரையான ஆண்டுகளில், ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்காந்த அலைகளை எழுப்பி ஆராய்ந்தார். கம்பி எதுவும் இன்றித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தும், வெடிமருந்தை வெடிக்கச் செய்தும் மக்களுக்குக் காட்டினார். நம் வீட்டு வைஃபை அலைகளும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. நீளத்தில் மட்டும் சற்றுப் பெரியவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் ஏறத்தாழப் பாதி. முன்னது சுவர்களைக் கடந்து சற்றுத் தொலைவு செல்லும். பின்னது வேகமிக்கதாயினும் சுவர்களுக்கு இடையே விரைவில் மெலியும். இரும்பு பீரோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். தண்ணீர் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

வைஃபையின் முதல் விதிமுறை 1997-இல் வகுக்கப்பட்டபோது அதன் உச்ச வேகம் விநாடிக்கு 2 மெகாபிட். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் 1999-இல் 11, 2003-இல் 54, 2009-இல் 600 என்று அது வளர்ந்தது. இவை யாவும் ஏட்டளவில் உள்ள உச்சங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நாம் அறிவோம். சாந்தினி சவுக் நெரிசலில் நண்பரோடு பேசுபவர், இரைச்சல் மிகுந்தால் சொற்களை நிறுத்தி நிறுத்திச் சொல்லுகிறார் அல்லவா? கணினியும் ரூட்டரும் அப்படியே செய்கின்றன. அனுப்பியது சிதைந்து போனால், வேகத்தை ஒரு படி குறைத்துக்கொண்டு மீண்டும் அனுப்புகின்றன. இரண்டு ஆன்டெனா உள்ள சாதாரணக் கணினி 2.4 கிகாஹெர்ட்ஸில் ரூட்டரின் அருகே 144 மெகாபிட் காட்டும். அதுவே தொலைவில் 52 ஆகி, 26 ஆகி, 13-க்கும் இறங்கும். மேலும் ஒருவர் பேசும்போது மற்றவர் வாய்மூடியிருக்க வேண்டும் என்பது இங்கே விதி. பெற்றுக்கொண்டேன் என்ற விடைக்கும் நேரம் ஆகிறது. எனவே இணைப்பு வேகத்தில் பாதியோ, அதற்குச் சற்று மேலோதான் நம் பயனுக்கு மிஞ்சும்.

அண்டை வீட்டாரும் இதே அலைவரிசையில்தான் பேசுகிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. ஒரு மாடியில் பத்து வீடு இருந்தால், அந்த மூன்றைத்தான் அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். போதாக்குறைக்கு, உணவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலையைக் கொண்டு இயங்குகிறது. அதிலிருந்து கசியும் சிறிதளவே அருகிலுள்ள கணினிக்குப் பேரிரைச்சலாகும்.

கணினியைக் கேட்டால் சொல்லும்

இணைப்பு வேகத்தை அறியத் தனிக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கறுப்புத் திரையைத் திறந்து, நெட்ஷ், டபிள்யூலான், ஷோ, இன்டர்ஃபேசஸ் என்னும் நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் இடைவெளி விட்டுத் தட்டினால் போதும். வரும் விடையில் ரிசீவ் ரேட் என்பது பெறும் வேகம். டிரான்ஸ்மிட் ரேட் என்பது அனுப்பும் வேகம். சிக்னல் என்பது அலையின் வலிமை, நூற்றுக்கு இவ்வளவு என்று. புதிய பதிப்புகள் சிலவற்றில் இருப்பிட அனுமதியை இயக்கிய பின்பே இந்த விடை கிடைக்கும். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை குறியைச் சொடுக்கினால் இதே செய்தி தெரியும். லினக்ஸில் ஐடபிள்யூ என்ற கருவி சொல்லும். பின்னிரண்டும் அலையின் வலிமையை டெசிபெல் அளவில் கழித்தற்குறியோடு காட்டும். கழித்தல் 50 என்றால் நன்று. கழித்தல் 80 என்றால் தளர்ச்சி.

ஆனால் ஒரு முறை கேட்டு அறிவதில் பயன் சிறிதே. நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கிய வேளையில் உடல்வெப்பம் பார்ப்பது போன்றது அது. இரவும் பகலும் இடைவிடாது குறித்து வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஸ்கிரிப்ட்.

ஸ்கிரிப்ட் என்னும் கணக்குப்பிள்ளை

ஸ்கிரிப்ட் என்றால் அஞ்ச வேண்டியதில்லை. நாம் ஒவ்வொன்றாகத் தட்டும் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த சிறு கோப்பு, அவ்வளவே. விண்டோஸில் பவர்ஷெல் மொழியிலும், எக்கணினியிலும் பைத்தான் மொழியிலும் எழுதலாம். நம் மகள் எழுதியது இருபத்தைந்து வரிகளுக்குள் அடங்கிற்று. அது செய்யும் பணிகள் ஐந்து.

முதலாவது, நாளையும் மணியையும் குறித்துக்கொள்ளும். இரண்டாவது, மேலே கூறிய கட்டளையை இட்டு, வரும் விடையில் வேகமும் வலிமையும் உள்ள வரிகளை மட்டும் பொறுக்கி எடுக்கும். மூன்றாவது, ரூட்டரை நோக்கிப் பத்து முறை பிங் அனுப்பி, விடை வர எத்தனை மில்லிவிநாடி ஆயிற்று, எத்தனை வழியில் தொலைந்தன என்று எண்ணும். பிங் என்பது 1983-இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சிறு நிரல். கடலடியில் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டறியும் சோனார் கருவியின் ஓசையே அதற்குப் பெயராயிற்று. நான்காவது, அதே பிங்கை வெளியுலகில் உள்ள முகவரி ஒன்றுக்கும் அனுப்பும். ஐந்தாவது, இவை அனைத்தையும் காற்புள்ளி இட்டு ஒரே வரியாகக் கோப்பின் அடியில் சேர்க்கும். விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலரிடமும், லினக்ஸில் கிரான் என்பதிடமும் சொல்லி வைத்தால், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை இது தானே நடக்கும். சேர்ந்த கோப்பை எக்ஸெல் போன்ற அட்டவணையில் திறந்து பார்க்கலாம்.

வெளியிலிருந்து பதிவிறங்கும் வேகத்தை அளப்பதும் கூடும். பைத்தானில் எழுதிய ஸ்பீட்டெஸ்ட் சி.எல்.ஐ. என்ற கருவி அதற்கு உதவும். ஆனால் இதை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஓட்டிவிடாதீர்கள். 100 மெகாபிட் வேகத்தில் பத்து விநாடி சோதித்தால் 125 மெகாபைட் செலவாகும். மணிக்கு ஒரு முறை என்றாலும், நாளொன்றுக்கு 3 கிகாபைட், மாதத்துக்கு 90 கிகாபைட் சோதனைக்கே போய்விடும். அளக்கும் படியே நெல்லைத் தின்றுவிடலாகாது. நாளுக்கு நான்கு முறை போதும் என்று வைத்துக்கொண்டோம்.

ஏடு சொன்ன செய்தி

மடிக்கணினியை வழக்கமான பின்னறையிலேயே வைத்து, இரண்டு வாரம் கணக்கெழுதினோம். பதினைந்தாம் நாள் அந்த ஏட்டைப் புரட்டியபோது நமக்கு வெட்கமே மிஞ்சிற்று.

பகலில் பின்னறையின் இணைப்பு வேகம் 39-க்கும் 52-க்கும் இடையே ஊசலாடிற்று. ரூட்டருக்குச் சென்ற பிங் மூன்று, நான்கு மில்லிவிநாடியில் திரும்பிற்று. மாலை ஏழரைக்குப் பின் வேகம் 13-க்கு இறங்கிற்று. எட்டு மணியை ஒட்டி, ரூட்டருக்குச் சென்ற பிங்கே 600, 800 மில்லிவிநாடி எடுத்தது. பத்தில் மூன்று தொலைந்தன. தொலைந்தவை தெருவில் தொலையவில்லை. நம் வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே தொலைந்தன. ரூட்டருக்கும் பின்னறைக்கும் நடுவே சமையலறை; அதன் சுவரையொட்டி இரும்பு பீரோ. எட்டு மணிக்குத்தான் மைக்ரோவேவில் சப்பாத்திக் குருமா சூடாகும். எட்டு மணிக்குத்தான் அண்டை வீட்டார் அனைவரும் திரும்பித் தத்தம் திரைகளின் முன் அமர்வார்கள்.

இதில் நாம் கற்ற பாடம் ஒன்று உண்டு. முகம் பார்த்துப் பேசுவதற்கு ஓரிரண்டு மெகாபிட் வேகமே போதுமானது. 13 என்றாலும் மிகுதிதான். பேச்சைக் கெடுத்தது வேகக் குறைவைக் காட்டிலும் சீர்கேடே. ஒரு சொல் உடனே போய், அடுத்த சொல் முக்கால் விநாடி தாமதித்து, மூன்றாவது சொல் காணாமற் போனால், எதிரே இருப்பவருக்கு அது உரையாடலாகத் தோன்றாது. ஆகவே வேகத்தோடு, காலத் தாழ்வையும் தொலைவையும் சேர்த்து அளக்க வேண்டும்.

பரிகாரத்துக்குக் காசு செலவாகவில்லை. நிறுவனத்தார் முன்பே விட்டிருந்த கம்பியின் மிகுதியை அவிழ்த்து, ரூட்டரை வாசற்பக்கத்திலிருந்து கூடத்தின் நடுவே தலைக்கு மேல் உயரமான பலகைக்கு மாற்றினோம். கணினியை 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு மாற்றினோம். மைக்ரோவேவின் தொந்தரவு அதற்கு இல்லை. பேச்சை முடித்த பிறகே குருமாவைச் சூடாக்குவது என்றும் ஏற்பாடாயிற்று. மறுவாரத்து ஏட்டில் எட்டு மணிக்கும் பிங் ஐந்து மில்லிவிநாடியைத் தாண்டவில்லை.

எப்போதும் குறை வீட்டுக்குள்ளேதான் என்று சொல்ல வரவில்லை. இதே ஸ்கிரிப்டை நம் மாடியிலேயே வாழும் தமிழ் அன்பர் ஒருவர் வாங்கிப்போய் ஓட்டினார். அவர் வீட்டில் இணைப்பு வேகம் குன்றவில்லை. ரூட்டருக்குச் சென்ற பிங்கும் ஒழுங்காக இருந்தது. வெளிமுகவரிக்குச் சென்றதுதான் இரவு ஒன்பதுக்குப் பின் நாள்தோறும் அறுந்தது. அந்த ஏட்டை அச்சிட்டு அவர் தம் நிறுவனத்தாரிடம் நீட்டினார். மறுநாளே ஆள் வந்து, மாடிப்படியருகே இருந்த கம்பி இணைப்பை மாற்றினார்கள். கோபத்துக்குக் கிட்டாத விடை கணக்குக்குக் கிட்டிற்று.

கருத்தில் கொள்ளத்தக்கவை

முன்பின் அறியாதவர் தந்த ஸ்கிரிப்டை அப்படியே ஓட்டாதீர்கள். அறிந்த ஒருவரைக் கொண்டு வரிவரியாகப் படித்த பின்பே ஓட்டுங்கள். வேகத்தை அளக்க எந்தக் கடவுச்சொல்லும் வேண்டுவதில்லை. கேட்டால் அது கள்ளச்சுவடி என்று அறிக. கைப்பேசி இணைப்பை மட்டும் உடையவர்களுக்கு, டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016-இல் வெளியிட்ட மைஸ்பீட் செயலி உண்டு. பிராட்பேண்ட் என்ற பெயருக்கு நம் நாட்டில் 2013-இல் வகுத்த குறைந்த அளவு 512 கிலோபிட். 2023-இல் அது 2 மெகாபிட் ஆக உயர்த்தப்பட்டது. ஆதலால் பிராட்பேண்ட் என்ற சொல்லை நம்பி அமராமல், நம் திட்டத்தில் எழுதிய எண்ணையும் நம் ஏட்டில் விழுந்த எண்ணையும் ஒப்பிடுவதே தக்கது.

ரூட்டர் இடம் மாறிய பின் வந்த ஞாயிற்றுக்கிழமை, அரை மணி முக்கால் மணியாயிற்று. "இப்பத்தான் பையன் நல்லா வாயத் திறந்து பேசுறான்" என்று அன்னையார் மகிழ்ந்தார். நடந்ததை அவருக்கு விளங்கும்படி எடுத்துரைத்தோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்ப அன்னைக்கெல்லாம் அவன் பேசிக்கிட்டுத்தான் இருந்தானா?" என்று கேட்டார்.

ஊரில் பெற்றோரை விட்டு வந்து, வாரம் ஒரு முறை திரையில் முகம் பார்க்கும் அன்பர்கள் நம்மிடையே பலர். உங்கள் இல்லத்திலும் பேச்சு அறுந்து அறுந்து போகுமாயின், யாரையும் நோவதற்கு முன் இரண்டு வாரம் அளந்து எழுதிப் பாருங்கள்.